அக்கரை பற்றிய கணக்கு: காவிரிச் செய்திகளும் பெங்களூருவின் பிளவும்

2016 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் தண்ணீர் திறக்க வேண்டும் என்றது அது. நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 1.3 டி.எம்.சி.; பத்து நாளைக்கு 13 டி.எம்.சி. கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணையின் முழுக் கொள்ளளவு 49 டி.எம்.சி.யும் கொஞ்சமும். மழை பொய்த்த ஆண்டில் 13 டி.எம்.சி. என்பது மாண்டியா விவசாயிக்கு வலிக்கிற அளவுதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மாநிலத்திலும் தலைப்புச் செய்தியான எண் பதின்மூன்று அல்ல, பதினைந்தாயிரம். அணையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எத்தனை பங்கு போகிறது, எத்தனை நாள் மழை பெய்தால் அது திரும்ப வரும் என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. எவ்வளவு கோபப்படலாம் என்பதற்கு மட்டும் அது அளவாக இருந்தது.

அடுத்த ஒரு வாரத்தில் தண்ணீர் பற்றிய செய்தி மனிதர் பற்றிய செய்தியாக மாறியது. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து மீம் போட்டதாகச் சொல்லி பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவரை அடித்து மன்னிப்புக் கேட்க வைத்த காணொளி தமிழ்நாட்டில் பரவியது. சென்னையில் கர்நாடகத்தவருக்குச் சொந்தமான நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் தாக்கப்பட்டதும், ராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியின் ஓட்டுநர் அறை வாங்கியதும் கர்நாடகத்தில் பரவின. செப்டம்பர் 12 அன்று நீதிமன்றம் அளவை 12,000 கன அடியாகக் குறைத்துக் காலத்தை 20ஆம் தேதிவரை நீட்டியது. அன்று பிற்பகல் பெங்களூருவில் ஒரே பணிமனையில் தமிழ்நாட்டு நிறுவனமான கே.பி.என்.-இன் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு.

செய்தி இந்தப் பிளவைக் காட்டியதா, உண்டாக்கியதா? நாற்பது ஆண்டு ஆய்வுகளும் இந்த ஊரின் வரலாறும் சேர்ந்து ஒரு விடை தருகின்றன. கேள்வியை அப்படியே கேட்டால் அது கிடைக்காது. முதலில் 'பிளவு' என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் குறித்து இரு தரப்பாரின் கருத்து விலகி நிற்பது ஒரு வகைப் பிளவு. எதிர்த்தரப்பைப் பிடிக்காமல் போவது இன்னொரு வகை. சாந்தோ ஐயங்கார், கௌரவ் சூட், இப்தாக் லெல்கெஸ் மூவரும் 2012இல் அமெரிக்காவைப் பற்றி எழுதிய கட்டுரை, கருத்து அதிகம் விலகாமலேயே வெறுப்பு மட்டும் வளர முடியும் என்று காட்டியது. மூன்றாவது ஒன்றும் உண்டு: எதிர்த்தரப்பார் எப்படிப்பட்டவர்கள் என்று நாம் மனத்தில் போட்டுவைத்திருக்கும் கணக்கு. டக்ளஸ் ஆலரும் சூட்டும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை விழுக்காடு என்று அமெரிக்கர்களைக் கேட்டார்கள். சராசரி விடை 38. உண்மை 2. அரசியல் செய்தியில் ஆர்வம் மிகுந்தவர்களிடம் இந்தப் பிழை பெரிதாக இருந்தது. 2019இல் 'மோர் இன் காமன்' என்ற அமைப்பின் ஆய்வும் அதையே சொன்னது: எப்போதும் செய்தி பார்ப்பவர்கள் எதிர்த்தரப்பைத் தவறாகக் கணிப்பது, எப்போதாவது பார்ப்பவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

இந்த வரிசையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது மேத்யூ லெவென்டஸ்கியும் நீல் மல்ஹோத்ராவும் 2016இல் வெளியிட்ட சோதனை. மக்கள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்கள் என்று சொல்லும் செய்தியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தவர்கள் நாடு உள்ளதைவிட அதிகம் பிளந்திருப்பதாக நம்பினார்கள், இது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய சொந்தக் கருத்து தீவிரமாகவில்லை, சற்று மிதமானது. சண்டையைப் பார்த்து நடுவுக்கு நகர்ந்தார்கள். கூடவே, எதிர்க்கட்சிக்காரர்மீது வெறுப்பு மட்டும் கூடியது. ஒரே செய்தி கருத்தை நடுவுக்கும் மனத்தை விளிம்புக்கும் தள்ளியிருக்கிறது. செய்தி பார்த்து மக்கள் வெறியராகிவிட்டார்கள் என்ற பொதுப் புலம்பலும், செய்தியால் எதுவும் மாறாது என்ற ஊடகக்காரர்களின் பழைய வாதமும் இந்த முடிவின்முன் நிற்காது.

அமெரிக்க ஆய்வை அப்படியே காவிரிக்கரையில் இறக்குவது தவறு. அங்கே பிளவு கட்சிக்கும் கட்சிக்கும் இடையில். ஒரே ஊரில் இரண்டு தரப்பின் குரலும் கேட்கும். காவிரியில் பிளவு மாநில எல்லையில் ஓடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உள்ளுக்குள் கட்சிகளிடையே பெரிய வேறுபாடு கிடையாது. 2016 செப்டம்பர் 23 அன்று, காவிரிப் படுகை அணைகளின் நீர் குடிநீருக்கு மட்டுமே என்று கர்நாடகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டிலும் காவிரித் தீர்மானத்தை எதிர்த்து ஒரு கை உயர்ந்து யாரும் பார்த்ததில்லை. லான்ஸ் பென்னட் 1990இல் முன்வைத்த கருத்து இங்கே நன்றாகப் பொருந்துகிறது: அதிகாரத்தில் உள்ளவர்களுக்குள் எவ்வளவு கருத்து வேறுபாடு உண்டோ, அவ்வளவுக்குத்தான் பத்திரிகையும் இடம் தரும். எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசினால், மாற்றுக் கருத்தைத் தேடிப் போகும் செய்தியாளர் துரோகியாகத் தெரிவார். பெங்களூருவில் கன்னடச் செய்தியும் சென்னையில் தமிழ்ச் செய்தியும் தனித்தனியே பார்த்தால் பிளவே இல்லாத செய்திகள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பள்ளம் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் பெரும்பங்கு பெங்களூருத் தமிழர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் என்று வேரூன்றியவர்கள். பின்னால் ஆலைத் தொழிலாளராக, கட்டட வேலைக்கு, கணினி வேலைக்கு என்று அலை அலையாக வந்தவர்கள் வேறு. செய்தி இவர்களைத் தமிழ்நாட்டின் தரப்பில் நிறுத்துகிறது. தண்ணீரோ வேறு கணக்குச் சொல்கிறது. இவர்கள் வீட்டுக் குழாயில் வருவது கர்நாடகத்தின் பங்கிலிருந்து வரும் காவிரி. காவிரி நடுவர் மன்றம் 2007இல், பெங்களூருவில் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது, தேவையில் பாதியை நிலத்தடி நீர் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, நகரத்துக்கு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 ஆகக் குறைந்ததில் அதுவும் அடக்கம். அதாவது தஞ்சைக்குக் குறைந்த நீரில் ஒரு பகுதி பெங்களூரு ஸ்ரீராமபுரத்துத் தமிழர் குடத்துக்கு வந்தது. இந்த எளிய உண்மையைச் சொல்லும் தலைப்பை இரு மொழியிலும் நான் பார்த்த நினைவில்லை.

செய்தியே கலவரத்தின் காரணமாக நிற்பது பெங்களூருவுக்குப் புதிதல்ல. 1986 டிசம்பரில் டெக்கான் ஹெரால்டின் ஞாயிறு இதழில் வந்த ஒரு சிறுகதையின் தலைப்பு முஸ்லிம்களைப் புண்படுத்தியது. பத்திரிகை வருத்தம் தெரிவித்தும் பெங்களூருவிலும் மைசூரிலும் கலவரத்தில் பலர் இறந்தார்கள். 1994 அக்டோபரில் பெங்களூரு தூர்தர்ஷன் பத்து நிமிட உருதுச் செய்தி அறிக்கையைத் தொடங்கியது. அதற்கு எதிராக எழுந்த கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அறிக்கையில் என்ன சொன்னார்கள் என்பதல்ல பிரச்சினை. யார் மொழிக்கு எந்த நேரம் கொடுக்கப்பட்டது என்பதை ஊர் தனக்கான செய்தியாகப் படித்துக்கொண்டது.

1991 இவற்றிலெல்லாம் கொடியது. அந்த ஆண்டு ஜூன் 25 அன்று நடுவர் மன்றம் இடைக்கால ஆணையில் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. என்றது. கர்நாடகத்தின் பங்காரப்பா அரசு அதை முறியடிக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் நவம்பரில் அந்தச் சட்டம் செல்லாதென்றது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வந்ததும் 12, 13 தேதிகளில் பெங்களூருவிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அரசுக் கணக்கிலேயே பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். அன்று தனியார் தொலைக்காட்சி கிடையாது, கைபேசி கிடையாது. 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளை எல்லாவற்றுக்கும் காரணமாக்குகிறவர்கள் இந்த ஆண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லும் பதில்: அரசு தானே ஒரு பக்கமாக நின்று கொடுத்த செய்தியைவிட வலுவான ஊடகம் வேறு இல்லை. முழு அடைப்பை அரசே ஆதரிக்கும்போது, தெருவில் இறங்குகிறவனுக்கு யாரும் தன்னைத் தடுக்கமாட்டார்கள் என்ற சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கம் 2012. அசாமில் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வன்முறையை ஒட்டி, பெங்களூருவில் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. ஆகஸ்டு நடுவில் சில நாளில் பல்லாயிரம் பேர் குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள். தனி ரயில்களே விட வேண்டியதாயிற்று. மைய அரசு பதினைந்து நாளைக்கு, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. பெங்களூருவில் அவர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் எதுவும் நடக்கவில்லை. பிளவு உண்மையில் இருந்ததா என்பதைவிட, இருப்பதாக நம்பியதே ஊரைக் காலி செய்யப் போதுமானதாக இருந்தது.

கணிப்பு செயலாக மாறும் இந்த இடத்தை ருவாண்டாவில் எலிசபெத் லெவி பாலக் தெளிவாகக் காட்டியிருக்கிறார். இனப்படுகொலைக்குப் பின் அங்கே சமாதானத்தைச் சொல்லும் வானொலித் தொடர் ஒன்று ஒலிபரப்பானது. அதைக் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. 'எங்கள் ஊரில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள், எது சரியான நடத்தை' என்ற கணிப்பு மாறியது, நடத்தையும் மாறியது. 2009இல் வெளியான இந்த முடிவைத் தலைகீழாக்கிப் பார்த்தால் 2016 செப்டம்பர் 12 விளங்கும். ஒரு ஓட்டுநர் அறை வாங்கும் காட்சி மறுபடி மறுபடி ஓடும்போது, பார்ப்பவர் தமிழரைப் பற்றி மட்டும் கற்றுக்கொள்வதில்லை. தன் ஆட்களும் இந்நேரம் கொதித்துக்கொண்டிருப்பார்கள் என்றும், இன்று கல்லெறிந்தால் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள் என்றும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

அந்தக் காட்சிகள் எல்லை தாண்டிய வழியும் கவனிக்கத் தக்கது. குரோவேஷியாவின் எல்லைக் கிராமங்களில் செர்பிய வானொலி கேட்கும். அது செர்பியர்களுக்காகச் செர்பியாவில் தயாரானது. குரோவேஷியர்களைத் திட்டுவதற்காக அல்ல. ஆனாலும் அலை எட்டிய கிராமங்களில் தீவிரத் தேசியக் கட்சிக்கு வாக்கும், சுவர்களில் செர்பியருக்கு எதிரான கிறுக்கல்களும் கூடியிருந்ததை ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் சகாக்களும் 2014இல் வெளியிட்டார்கள். அடுத்தவர் தமக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதே பகையை வளர்க்கப் போதும். தமிழ்த் தொலைக்காட்சி தன் பார்வையாளரைக் குளிர்விக்கச் சொல்லும் சொல், கன்னட அலைவரிசையில் மொழிபெயர்ப்பு வாசகத்தோடு ஓடும்போது வேறு பொருள் கொள்கிறது. காலமும் கரைந்துவிடுகிறது. 2008 ஒகேனக்கல் குடிநீர்த் திட்டப் பிரச்சினையின்போது நடிகர் சத்யராஜ் பேசியது, ஒன்பது ஆண்டு கழித்து 2017இல் அவர் நடித்த பாகுபலியின் இரண்டாம் பாகம் வெளிவரும்போது புதுச் செய்தியாக ஓடியது. அவர் ஏப்ரலில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் படம் கர்நாடகத்தில் வெளியாக வழி பிறந்தது. இதில் இன்னொன்று: சென்னையின் சன் குழுமம் அந்நாளில் தமிழில் சன் நியூஸையும் கன்னடத்தில் உதயா நியூஸையும் நடத்தியது. முதலாளி ஒருவராக இருப்பதால் இரு மொழிப் பார்வையாளருக்கும் இடையில் பாலம் வந்துவிடுவதில்லை. அந்தந்த அலைவரிசை அந்தந்தச் சந்தைக்கே பேசும்.

எல்லாப் பழியையும் அனுப்புபவர்மேல் போடவும் முடியாது. 1982 சப்ரா–ஷட்டீலா படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தியை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் காட்டினார்கள் வாலோன், ராஸ், லெப்பர் மூவரும். இரு தரப்பும் அது தமக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. 1985இல் வந்த இந்த ஆய்வை நினைத்தால், நேர்மையாக எழுதும் காவிரிச் செய்தியாளருக்கு இரண்டு பக்கமும் வசவு விழுவது ஏன் என்று புரியும். இரு பக்கத்து வசவையும் நடுநிலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல; அந்த வசவு மோசமான செய்திக்கும் விழும்.

செய்தியைக் குறைத்தால் வெறுப்பு குறையுமா? இங்கே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டவர்களிடம் கருத்துப் பிளவு சற்றுக் குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. 2020இல் மூன்று மாதம் ஃபேஸ்புக் பதிவுகளை நேர வரிசையில் காட்டிப் பார்த்ததில் பிளவு குறிப்பிடும்படி மாறவில்லை. போஸ்னியாவில் கிடைத்த முடிவு நம்மைத் தூக்கிவாரிப்போடும். 2019இல் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நினைவு நாட்களையொட்டி ஃபேஸ்புக்கை விட்டவர்களுக்கு மாற்று இனத்தார்மீதான மதிப்பு கூடவில்லை, குறைந்தது. தம் இனத்தாரே நிறைந்த ஊர்களில் வாழ்ந்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. திரையை அணைத்தால் மிஞ்சுவது தெரு. தெருவில் எல்லாரும் ஒரே இனமென்றால் அங்கே புழங்கும் கதை திரையைவிடக் கடுமையாக இருக்கலாம். கலந்து வாழும் அல்சூரில் தொலைக்காட்சியை அணைப்பதும், ஒரே மொழிக்காரர் நிறைந்த ஊரில் அணைப்பதும் ஒன்றல்ல.

பெங்களூருவே காட்டும் மாறுதல் ஒன்று உண்டு. 2018 தீர்ப்பு நாளில் ஊர் அமைதியாக இருந்தது. தீர்ப்பு கர்நாடகத்துக்கு ஆறுதலாக இருந்தது ஒரு காரணம், காவல் பலமாக இருந்தது இன்னொன்று. 2023இன் வறட்சியில் தீர்ப்பு ஆறுதலாக இல்லை. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு 5,000 கன அடி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 26இல் பெங்களூரு பந்த், 29இல் கர்நாடக பந்த். 28ஆம் தேதி நடிகர் சித்தார்த்தின் பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு கூட்டம் புகுந்து நிறுத்தியது. மறுநாள், காவிரிக்காகத் திரையுலகம் நடத்திய போராட்ட மேடையிலேயே கன்னட நடிகர் சிவராஜ்குமார் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 2000இல் வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் வைத்திருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரின் மகன் அவர். அந்த நாட்களில் தமிழர் ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஊர் இது. காவிரி எங்களுடையது, ஆனால் இப்படி நடப்பது எங்கள் வழக்கமல்ல என்று கன்னடர் மதிக்கும் ஒருவர் அந்த மேடையிலிருந்து சொன்னது, பாலக் சொல்லும் வகைச் செய்தி. 2023இல் பேருந்துகள் எரியாததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2016இல் இப்படியொரு காட்சி திரும்பத் திரும்ப ஓடவில்லை.

செய்தியின் பெரிய குறை எதைக் காட்டுகிறது என்பதில் அல்ல, எப்போது காட்டுகிறது என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காவிரி மழை குறையும் ஆண்டுகளில் மட்டும் செய்தி. 2024 ஜூலை இரண்டாம் வாரத்தில் கன அடிச் சண்டை கிளம்பியது. அதே மாதம் கே.ஆர்.எஸ். நிரம்பி, மாதக் கடைசியில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. செய்தி அத்தோடு முடிந்தது. நல்ல மழை ஆண்டில் தீர்ப்பு சொன்ன அளவைவிட மிக அதிக நீர் மாநில எல்லையிலுள்ள பில்லிகுண்டுலு வழியாக வருகிறது. சண்டை முழுக்க, பற்றாக்குறை ஆண்டில் குறைவை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதைப் பற்றியது. அந்த விகிதத்துக்கு இரு தரப்பும் ஒப்பும் சூத்திரம் இன்றும் இல்லை. சூத்திரம் வகுக்க வேண்டிய காலம் அணை நிரம்பியிருக்கும் காலம். அப்போது எந்த அலைவரிசையும் அங்கே இருப்பதில்லை. தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் குற்றவாளிகளே: மேட்டூர் மட்டத்தைத் தினமும் அச்சிடுகிறோம், கபினிப் பாசன விவசாயி எத்தனை ஏக்கரைத் தரிசாகப் போட்டார் என்று ஒரு வறட்சியிலும் போய்ப் பார்த்து எழுதுவதில்லை.

எழுத ஆள் இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் கூடி 'காவிரிக் குடும்பம்' என்று அமைத்தார்கள். மன்னார்குடி எஸ். ரங்கநாதனும் மாண்டியாப் பக்கத்து விவசாயத் தலைவர்களும் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். டெல்டாவில் கடைமடை காய்வதை அவர்களும், மேட்டுநிலக் கரும்பு வாடுவதை இவர்களும் கண்டார்கள். எதிர்க்கரையைப் பற்றிய கணக்கை நேரில் திருத்திக்கொள்ளும் முயற்சி அது. பேருந்து எரிந்த பிற்பகலுக்குக் கிடைத்த ஒளிபரப்பு நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைத்திருக்காது.

அடுத்த மோதல் மேகதாதுவில் காத்திருக்கிறது. 67 டி.எம்.சி. அணை வேண்டுமென்று 2022 ஜனவரியில் கர்நாடகக் காங்கிரஸ் நடைப்பயணம் போனது. தமிழ்நாடு ஒரே குரலில் எதிர்க்கிறது. இரு பக்கமும் மறுபடி ஒருமனதான தீர்மானங்கள், மறுபடி மாற்றுக் குரல் இல்லாத செய்திகள். ஆலரும் சூட்டும் செய்ததில் ஒரு பாதியை இங்கே யாராவது இப்போதே செய்துவைக்கலாம். அவர்கள் ஆய்வில், எதிர்த்தரப்பு பற்றிய சரியான எண்ணைச் சொன்னதும் பங்கேற்றவர்களின் விலகல் உணர்வு குறைந்தது. தஞ்சாவூரில் கேட்க வேண்டும்: மாண்டியாவில் நூறு விவசாயிகளில் எத்தனை பேர் எந்த ஆண்டிலும் ஒரு சொட்டும் விடக் கூடாது என்கிறார்கள்? மாண்டியாவில் கேட்க வேண்டும்: தஞ்சையில் நூறில் எத்தனை பேர், உங்கள் பயிர் காய்ந்தாலும் எங்களுக்கு வந்தாக வேண்டும் என்கிறார்கள்? பிறகு அதே கேள்வியை அந்தந்த ஊரில் நேராகக் கேட்டு, ஊகித்த எண்ணையும் உண்மை எண்ணையும் பெங்களூருவிலிருந்து வரும் கன்னடத் தாளிலும் தமிழ்த் தாளிலும் ஒரே நாளில் அச்சிட வேண்டும். கே.ஆர்.எஸ். மட்டம் இறங்கத் தொடங்கும் முதல் வாரத்தில், வினாடிக் கன அடி தலைப்புக்கு வருவதற்கு முன்.